இறந்தவர் எங்கே போகிறார் என்று ஷிந்தோவிடம் கேட்டால்

யோகோஹாமாவில் வேலை பார்க்கும் நீங்கள், உடன் வேலை செய்பவரின் தந்தை இறந்தபோது துக்கத்துக்குப் போய் வந்திருக்கிறீர்கள். அங்கே புத்த பிக்கு வந்து சூத்திரம் ஓதினார். திரும்பும்போது உங்கள் கையில் ஒரு சின்ன உப்புப் பொட்டலத்தைக் கொடுத்தார்கள். அந்த நண்பரோ ஒவ்வொரு புத்தாண்டுக்கும் தவறாமல், ஜப்பானின் பழைய வழிபாட்டு மரபான ஷிந்தோவின் ஆலயத்துக்குப் போகிறவர். "அப்படியென்றால் ஷிந்தோ மனிதனைப் பற்றி என்னதான் சொல்கிறது? அவன் பிறவியில் நல்லவனா, பாவியா? செத்த பிறகு சொர்க்கமா, நரகமா, மறுபிறவியா?" என்று என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். குழந்தை பிறந்தால், அறுவடை முடிந்தால், புது வீட்டுக்கு அடிக்கல் நாட்டினால் முன்னே வந்து நிற்கிற ஒரு சமயம், சாவு வீட்டில் மட்டும் ஏன் ஒதுங்கிக்கொள்கிறது என்பதுதான் இந்தக் கேள்விகளுக்கு அடியில் இருக்கும் கேள்வி என்று எனக்குப் படுகிறது. அதைப் பிடித்துக்கொண்டு போனால் மற்றதும் தெளிவாகும்.

நான் ஜப்பானிய சமய வரலாற்றைப் படித்து, பல ஆண்டுகளாக அதையே பாடமாக நடத்தி வருபவன். ஷிந்தோ பூசகன் அல்ல, அந்த வழிபாட்டுக்குள் பிறந்து வளர்ந்தவனும் அல்ல. உள்ளிருந்து உணர்கிறவர் சொல்லக்கூடிய சில விஷயங்களை என்னால் சொல்ல முடியாது. ஆனால் பழைய நூல்களில் இருப்பது எது, பின்னால் வந்த அறிஞர்கள் சேர்த்தது எது, இன்று மக்கள் செய்வது எது என்று பிரித்துக் காட்ட முடியும். இணையத்தில் இந்த மூன்றையும் ஒன்றாகக் குழைத்து "ஷிந்தோ இப்படிச் சொல்கிறது" என்று எழுதிவிடுகிறார்கள். குழப்பத்தில் பாதி அங்கேதான் தொடங்குகிறது.

முதலில் உறுதியானதைச் சொல்லிவிடுகிறேன். ஷிந்தோவுக்கு நிறுவனர் கிடையாது. எல்லோரும் ஒப்புக்கொண்டாக வேண்டிய நம்பிக்கை அறிக்கையும் கிடையாது. கையில் இருக்கும் மிகப் பழைய நூல்கள் 712-இல் தொகுக்கப்பட்ட கொஜிகியும் 720-இல் முடிந்த நிஹோன் ஷொகியும்தான். இரண்டும் அரசவைக்காக, அரச குலத்தின் தோற்றத்தைத் தேவர்களோடு இணைத்து எழுதப்பட்டவை. ஆன்மா என்றால் என்ன, முக்தி எப்படி என்று விளக்க எழுதப்பட்டவை அல்ல. தீவுகள் பிறந்ததை, கடலுக்கும் ஆற்றுக்கும் மலைக்கும் உரிய தெய்வங்கள் பிறந்ததை விரிவாகச் சொல்லும் கொஜிகி, மனிதன் எப்படிப் படைக்கப்பட்டான் என்று ஓரிடத்திலும் சொல்லவில்லை. கதையின் நடுவே, மண்ணில் தழைக்கும் பசும்புல்லைப் போன்றவர்கள் என்று மக்கள் ஏற்கெனவே அங்கே இருக்கிறார்கள். களிமண்ணில் பிசைந்த முதல் மனிதனும் இல்லை, அவன் செய்த முதல் தவறும் இல்லை. உங்கள் முதல் கேள்விக்கான பதில் பாதிக்கு மேல் இந்த இல்லாமையிலேயே இருக்கிறது.

இனி கதைக்கு வருவோம். உங்கள் இரண்டு கேள்விகளும் சந்திக்கும் இடம் அதுதான். இசானாகியும் இசானாமியும் தெய்வத் தம்பதி. தீவுகளையும் தெய்வங்களையும் ஈன்ற இசானாமி, கடைசியில் நெருப்புத் தெய்வத்தைப் பெற்றெடுக்கும்போது உடல் வெந்து இறந்துபோகிறாள். பிரிவு தாங்காத இசானாகி அவளைத் தேடி யோமி என்ற இருட்டுலகத்துக்குப் போகிறான். "முன்பே வந்திருக்கக் கூடாதா, நான் இங்கத்து உணவைத் தின்றுவிட்டேனே" என்கிறாள் அவள். இருந்தாலும் இங்குள்ள தெய்வங்களிடம் கேட்டு வருகிறேன், அதுவரை என்னைப் பார்க்காதே என்று சொல்லி உள்ளே போகிறாள். நேரம் ஆகிறது. அவன் பொறுமை இழந்து, தலையில் இருந்த சீப்பின் ஒரு பல்லை உடைத்துக் கொளுத்திப் பார்க்கிறான். புழு நெளியும் உடல் தெரிகிறது. அலறிக்கொண்டு ஓடுகிறான். அவமானப்பட்ட மனைவி யோமியின் பெண்பேய்களை ஏவித் துரத்துகிறாள், பிறகு தானே வருகிறாள். அவன் பெரும்பாறை ஒன்றை வழியில் உருட்டி அடைக்கிறான். பாறைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று இருவரும் உறவை முறித்துக்கொள்கிறார்கள். "உன் நாட்டு மக்களில் தினம் 1000 பேரைக் கொல்வேன்" என்கிறாள் அவள். "நான் தினம் 1500 பிரசவக் குடிசைகளைக் கட்டுவேன்" என்கிறான் அவன்.

சாவு ஏன் வந்தது என்பதற்கு இந்த நூல் தரும் விளக்கம் இவ்வளவுதான். யாரும் பாவம் செய்யவில்லை. பிரிந்த கணவன் மனைவியின் கோபத்தில் சாவும், அந்தக் கோபத்துக்கான பதிலில் பிறப்பும் வருகின்றன. பிறப்பு 500 கூடுதல். இந்தக் கணக்கில் ஒரு சமயத்தின் மனநிலையே தெரிகிறது என்று நான் நினைக்கிறேன். சாவை வெல்ல முடியாது, அதைவிடக் கொஞ்சம் அதிகமாகப் பிறந்துகொண்டிருக்கலாம்.

திரும்பி வந்த இசானாகி, அசுத்தமான இடத்துக்குப் போய்விட்டேன் என்று ஆற்று முகத்தில் இறங்கிக் குளிக்கிறான். யோமியின் அழுக்கு கழன்றபோது, கேட்டை உண்டாக்கும் மகட்சுபி தெய்வங்கள் அதிலிருந்து பிறக்கின்றன. உடனே அந்தக் கேட்டைச் சரிசெய்ய நவோபி தெய்வங்கள் பிறக்கின்றன. கடைசியில் இடக்கண்ணைக் கழுவும்போது சூரியதேவி அமதெராசு, வலக்கண்ணில் நிலாத் தெய்வம், மூக்கில் சுசானோவோ. ஜப்பானிய அரச குலம் தன் மூதாதையாகச் சொல்லும் தேவியே சாவின் அழுக்கைக் கழுவிய குளியலில் பிறந்தவள்! தீமை எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கும் பதில் இங்கேயே கிடைக்கிறது. மனிதனுக்குள்ளிருந்து அது வரவில்லை, வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொள்கிறது. ஒட்டியதைக் கழுவலாம்.

அதனால் "மனிதன் நல்லவனா கெட்டவனா" என்று கேட்டால், இன்றைய ஷிந்தோ பூசகர்களில் பெரும்பாலோர் மனிதன் தெய்வங்களின் வழிவந்தவன், அடிப்படையில் தூயவன் என்றே சொல்வார்கள். பழைய அரசாணைகளிலும் தெளிந்த, ஒளிவுமறைவற்ற மனம் என்பது திரும்பத் திரும்பப் புகழப்படுகிறது. ஆனால் "மனிதன் நல்லவன்" என்று ஒரு கோட்பாடாகப் பழைய நூல்கள் சொல்லவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தெய்வங்களே அங்கே கலவையானவர்கள். சுசானோவோ அக்காளின் வயல் வரப்பை உடைக்கிறான், வாய்க்காலைத் தூர்க்கிறான், புது அறுவடை விருந்துக் கூடத்தில் மலம் கழிக்கிறான். வானுலகிலிருந்து துரத்தப்படுகிறான். அதே சுசானோவோ ஜப்பானின் மேற்கிலுள்ள இசுமோ நாட்டில் இறங்கி, எட்டுத் தலைப் பாம்பைக் கொன்று ஒரு பெண்ணைக் காப்பாற்றுகிறான். அவன் மனம் திருந்தினான் என்று கொஜிகி ஒரு வார்த்தை சொல்லவில்லை. இடம் மாறியது, தண்டனையும் சுத்திகரிப்பும் முடிந்தது, அவ்வளவுதான்.

இதை இன்னும் நன்றாகப் புரிந்துகொள்ள, ஜூன் 30-ஆம் தேதியும் டிசம்பர் 31-ஆம் தேதியும் ஆலயங்களில் நடக்கும் ஓஹராயே என்ற பெருந்தூய்மைச் சடங்கைப் பார்க்க வேண்டும். நீங்கள் ஜூன் மாதக் கடைசியில் ஏதாவது ஓர் ஆலயத்துக்குப் போனால், புல்லால் செய்த பெரிய வளையம் ஒன்று நிற்பதையும் மக்கள் அதற்குள் நுழைந்து சுற்றி வருவதையும் பார்க்கலாம். காகிதத்தில் வெட்டிய மனித உருவத்தால் உடம்பைத் தடவி, அதன்மேல் மூச்சை ஊதிக் கொடுப்பார்கள். அந்தச் சடங்கில் ஓதும் உரை, 927-இல் தொகுத்து முடிக்கப்பட்ட எங்கிஷிகி என்ற அரச விதித்தொகுப்பில் இருக்கிறது. அதில் குற்றங்களின் பட்டியல் ஒன்று வருகிறது. வரப்பை உடைப்பது, வாய்க்காலைத் தூர்ப்பது, பிறர் விதைத்த நிலத்தில் மேலே விதைப்பது, தகாத உறவு, சூனியம் வைப்பது இவையெல்லாம் அதில் உண்டு. இவற்றைக் குற்றம் என்று நாமும் ஒப்புக்கொள்வோம். ஆனால் அதே பட்டியலில் தோல் வெளுப்பு நோய், உடலில் வளரும் கட்டி, ஊர்ந்து வரும் பூச்சிகளால் வரும் ஆபத்து, இடியால் வரும் ஆபத்து, பறவைகளால் வரும் ஆபத்து என்பவையும் இருக்கின்றன. இடி விழுந்தவன் என்ன தப்புச் செய்தான்? ஒன்றும் செய்யவில்லை. ஊரின் ஒழுங்கான வாழ்க்கையைக் குலைப்பது எதுவோ, அது எண்ணத்தால் வந்தாலும் விபத்தால் வந்தாலும் ஒரே வரிசையில் நிற்கிறது.

அந்த உரையின் முடிவுப் பகுதி என் மனத்துக்கு மிகவும் பிடித்தது. குற்றங்கள் எல்லாம் என்ன ஆகின்றன என்று அது சொல்கிறது. மலையிலிருந்து பாயும் விரைந்த ஆற்றில் இருக்கும் ஒரு பெண்தெய்வம் அவற்றைக் கடலுக்குக் கொண்டுபோகிறாள். கடல் நீரோட்டங்கள் சுழலும் இடத்தில் இன்னொருத்தி அவற்றை விழுங்குகிறாள். மூச்சின் வாயிலில் இருக்கும் தெய்வம் அவற்றைப் பாதாள நாட்டுக்கு ஊதித் தள்ளுகிறது. அங்கே ஒருத்தி அவற்றை எடுத்துக்கொண்டு அலைந்து, எங்கோ தொலைத்துவிடுகிறாள். குற்றத்துக்குக் கணக்கெழுதுவார் இல்லை, எடைபோடுவார் இல்லை. அது தொலைந்துபோகிறது. வினைப்பயனில் பழகிய நமக்கு இது நீதியற்றதாகக்கூடத் தோன்றலாம். நான் பாடம் நடத்தும்போது மாணவர்கள் மிகவும் வாதிடும் இடமும் இதுதான். அவர்கள் கேள்வி நியாயமானது. அநியாயம் செய்தவனைப் பற்றி இந்தச் சடங்கு தனியாக ஒன்றும் சொல்வதில்லை. தனிமனித ஒழுக்கத்துக்கான பாடங்களை ஜப்பானியர்கள் கன்பூசிய நூல்களிடமும் பௌத்தத்திடமும்தான் அதிகம் எடுத்துக்கொண்டார்கள்.

சரி, உப்புப் பொட்டலம். நம்மிடம் இருக்கும் தீட்டு என்ற எண்ணத்தை வைத்து இதைப் புரிந்துகொள்ளலாம், ஆனால் சாதியோடு அதை இணைத்துவிடாமல் எடுத்துக்கொள்ள வேண்டும். (ஜப்பானிலும் தோல், பிணம் சார்ந்த தொழில் செய்தவர்களைத் தலைமுறை தலைமுறையாக ஒதுக்கிவைத்த கொடுமை நடந்தது. அதற்குச் சாவுத் தீட்டும் ஒரு காரணம். தூய்மை பற்றி அழகாகப் பேசும்போது இதை மறைக்கக் கூடாது.) கெகாரே என்று அவர்கள் சொல்லும் தீட்டு சாவில்தான் மிகக் கடுமையாக ஒட்டும். கொஜிகியிலேயே ஒரு காட்சி இருக்கிறது: இறந்துபோன அமே நோ வகாஹிகோவுக்குத் துக்கம் கொண்டாடும் வீட்டுக்கு அவனைப் போலவே முகச்சாயல் உள்ள நண்பன் ஒருவன் வருகிறான். இறந்தவனின் தந்தையும் மனைவியும், அவன் சாகவில்லை, உயிரோடு இருக்கிறான் என்று வந்தவனின் கைகாலைப் பிடித்துக்கொண்டு அழுகிறார்கள். நண்பனுக்கோ ஆத்திரம் பொங்குகிறது. அசுத்தமான பிணத்தோடா என்னை ஒப்பிடுகிறீர்கள் என்று வாளை உருவித் துக்கக் குடிசையையே வெட்டிச் சாய்த்துவிடுகிறான். அவ்வளவு அருவருப்பு.

ஆலய வளாகத்துக்குள் சவச்சடங்கு நடத்துவதில்லை என்பதன் வேர் இதுதான். சாவு வீட்டில் வீட்டுச் சிறு ஆலயமான கமிதானாவின் முகப்பை வெள்ளைத் தாளால் மூடி, பொதுவாக 50 நாள் வரை பூசை செய்யாமல் விடுவதும் இதனால்தான். தீட்டைக் கழிக்கத் தரும் உப்பு அதன் இன்னொரு வடிவம், கடல்நீர் கலக்கும் ஆற்று முகத்தில் குளித்த இசானாகியின் வழியில் வந்த எச்சம் என்று பொதுவாக விளக்குவார்கள். நீங்கள் அதை வீட்டு வாசலில் தூவிக்கொள்ளாமல் விட்டுவிட்டேன், தப்பா என்று கேட்டிருந்தீர்கள். தப்பே இல்லை. ஜோதோ ஷின்ஷூ என்ற பெரிய பௌத்தப் பிரிவு, சாவு அசுத்தம் அல்ல, அன்பாக வாழ்ந்தவரை அழுக்கைப் போல நடத்தாதீர்கள் என்று சொல்லி உப்புப் பழக்கத்தையே ஏற்பதில்லை. பௌத்தச் சடங்கின் முடிவில் ஷிந்தோ உப்பு வருவது ஜப்பானியர்களுக்குள்ளேயே விவாதத்துக்குரிய விஷயம்.

இனி, இறந்தவர் எங்கே போகிறார்? பழைய நூல்களை மட்டும் வைத்துச் சொன்னால், ஓர் இடம் இல்லை, பல இடங்கள். யோமி ஒன்று. கடலுக்கு அப்பால் மூப்பில்லாத தொகோயோ இன்னொன்று. சுசானோவோ வாழும் நே நோ குனி மற்றொன்று. அங்கே போகும் இளைஞன் ஓகுனினுஷி, மாமனார் வைத்த சோதனைகளில் தப்பி, அவருடைய மகளையும் வில் வாளையும் எடுத்துக்கொண்டு, இசானாகி ஓடிவந்த அதே சரிவு வழியாக மேலே வருகிறான். ஆக, அதே வாசலுக்குப் பின்னால் ஒரு கதையில் புழுத்த உடல், இன்னொரு கதையில் மணமகள். மாவீரன் யமாதோ தகேரு இறந்ததும் பெரிய வெள்ளைப் பறவையாகி வானில் பறந்துபோகிறான். மனைவி மக்கள் முள்ளில் கால் கிழிய அதைத் தொடர்ந்து ஓடுகிறார்கள். 686-இல் கொல்லப்பட்ட இளவரசன் ஓட்சுவை ஃபுதாகாமி மலையில் அடக்கம் செய்தபோது, அவன் அக்காள் இனி அந்த மலையையே என் தம்பியாகப் பார்ப்பேன் என்று பாடிய பாட்டு மன்யோஷூ தொகுப்பில் இருக்கிறது.

யோமி பாதாளமா மலையா, அந்தக் கதை எதிலிருந்து வந்தது என்பதெல்லாம் முடிவான விஷயங்கள் அல்ல. பெரும் மண்மேட்டுக் கல்லறைகளில் பக்கவாட்டு வழியாக உள்ளே போய்ப் பிணத்தை வைத்து, வாயிலைக் கல்லால் அடைத்த பழக்கத்தின் நினைவுதான் அது என்பது பல அறிஞர்களின் ஊகம். எனக்கும் அது நம்பும்படியாகவே தோன்றுகிறது, ஆனாலும் அது ஊகம்தான். 733-இல் எழுதிய இசுமோ நாட்டுக் குறிப்பில், கடற்கரைக் குகை ஒன்றை யோமியின் துளை என்று மக்கள் அழைத்ததாகவும், கனவில் அங்கே போனவன் கட்டாயம் சாவான் என்று நம்பியதாகவும் இருக்கிறது. அது இனோமே குகை என்று பொதுவாகக் கருதப்படுகிறது. 1948-இல் அங்கே தோண்டியபோது பழங்கால மனித எலும்புக்கூடுகள் கிடைத்தன. கதைக்கும் மண்ணுக்கும் தொடர்பு உண்டு என்பதற்கு இது சான்று. எல்லா ஜப்பானியரும் அப்படியே நம்பினார்கள் என்பதற்குச் சான்று அல்ல.

இந்தப் பல வழிகளில் எதிலும் நல்லவனுக்கு ஒன்று, கெட்டவனுக்கு ஒன்று என்ற பிரிப்பு இல்லை என்பதைக் கவனியுங்கள். தீர்ப்பு, நரகம், மறுபிறவிச் சக்கரம் இவையெல்லாம் பௌத்தத்தோடு 6-ஆம் நூற்றாண்டிலிருந்து வந்தவை. சாவுக்கு அஞ்சி ஒதுங்கிய வழிபாட்டுக்குப் பக்கத்தில், சாவைப் பற்றி விரிவாகப் பேசவும் பிணத்தருகே உட்கார்ந்து ஓதவும் தயங்காத பிக்குகள் வந்து சேர்ந்தார்கள். அரசி ஜிதோவின் உடல் 703-இல் எரியூட்டப்பட்டது. ஆட்சி செய்தவர்களில் தகனம் செய்யப்பட்ட முதல் ஆள் அவர்தான். 17-ஆம் நூற்றாண்டில் தோக்குகாவா அரசு, கிறிஸ்தவர் அல்ல என்று நிரூபிக்க ஒவ்வொரு குடும்பமும் ஒரு புத்த கோவிலில் பதிவு செய்ய வேண்டும் என்று கட்டாயப்படுத்தியது. ஷிந்தோ பூசகர்கள்கூடப் பௌத்த முறையில்தான் அடக்கம் செய்யப்பட வேண்டியிருந்தது. உங்கள் நண்பரின் வீட்டில் பிக்கு வந்ததற்கு மனநம்பிக்கையைவிட இந்த 300-400 ஆண்டுப் பதிவேட்டு வரலாறுதான் பெரிய காரணம்.

18-ஆம் நூற்றாண்டில்தான் "பௌத்தத்தையும் கன்பூசியத்தையும் நீக்கிவிட்டால் நம்முடையது என்ன?" என்று சிலர் கேட்டார்கள். அவர்களில் பெரியவர் மாத்சுசாகா ஊரின் மருத்துவர் மோதோஓரி நொரினாகா (1730–1801). கொஜிகிக்கு அவர் எழுதிய உரை முப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட உழைப்பு. மனிதனின் உண்மை மனம் என்பது நல்லதோ கெட்டதோ, பிறந்தபடி இருக்கும் மனம்தான், அழ வேண்டிய இடத்தில் அழுவதே அதன் உண்மை என்றார். சாவைப் பற்றி அவர் சொன்னது கடுமையானது. உயர்ந்தவன் தாழ்ந்தவன், நல்லவன் கெட்டவன் எல்லோரும் அந்த அசுத்தமான யோமிக்கே போகிறார்கள், உலகில் சாவைவிடத் துக்கமானது எதுவுமில்லை, ஆறுதல் சொல்லும் தத்துவங்கள் எல்லாம் பிறகு கட்டிச் சேர்த்தவை. அந்த நேர்மைக்காகவே நான் அவரை மதிக்கிறேன். ஆனால் அதே மனிதர் சாவதற்கு முந்தைய ஆண்டு விரிவான உயில் எழுதி, குடும்பத்துப் புத்த கோவிலில் ஒரு கல்லறையும், யமமுரோ மலையில் இன்னொன்றும் ஏற்பாடு செய்தார். மலைக் கல்லறைக்குப் பின்னால் காட்டுச் செர்ரி மரம் நட வேண்டும் என்று படம் வரைந்தே காட்டினார். யோமிக்குப் போகிறவருக்கு மலையில் செர்ரி எதற்கு என்று அறிஞர்கள் இன்றும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

அவரைக் குருவாகக் கொண்ட ஹிராதா அத்சுதானே (1776–1843) இந்த முடிவைத் தாங்கவில்லை. 1812-இல் அவர் மனைவி இறந்தார். அடுத்த ஆண்டு வெளியான அவர் நூல், இறந்தவர் யோமிக்குப் போவதில்லை, இதே நாட்டில், நம் அருகிலேயே, நமக்குத் தெரியாத மறைவுலகில் இருக்கிறார், அதை ஆள்பவர் ஓகுனினுஷி என்றது. அங்கிருந்து அவர்கள் நம்மைப் பார்க்கிறார்கள், இங்கிருந்து நம்மால் அவர்களைப் பார்க்க முடியாது. ஆழமான ஆறுதல் இது. மனைவியை இழந்தவரின் குரல் அதில் கேட்கிறது. ஆனால் மறைவுலகில் ஓகுனினுஷி நல்லது கெட்டதுக்குத் தீர்ப்பு வழங்குகிறார் என்று அவர் பின்னர் விரித்த பகுதியில், சீன மொழியில் இருந்த கிறிஸ்தவ நூல்களை அவர் படித்ததன் தடம் இருக்கிறது. "ஷிந்தோவிலும் இறுதித் தீர்ப்பு உண்டு" என்று எங்காவது படித்தீர்கள் என்றால், அது பழைய நூல்களிலிருந்து வரவில்லை, இங்கிருந்துதான் வந்தது.

மெய்ஜி அரசு 1868-இல் பௌத்தத்தையும் ஷிந்தோவையும் பிரித்தது. 1873-இல் பிணத்தை எரிப்பது பௌத்த வழக்கம் என்று தடைகூடச் செய்து, இடநெருக்கடியில் 1875-இல் அந்தத் தடையை நீக்கியது. ஷிந்தோவுக்கென்று சாவைப் பற்றிய அதிகாரபூர்வமான ஒரு நிலைப்பாடு உருவாகும் வாய்ப்பு அப்போதுதான் வந்தது. இசுமோ ஆலயத்தின் தலைவர் செங்கே தகாதோமி, இறந்தவர்களின் ஆண்டவரான ஓகுனினுஷியை அரசு வழிபாட்டின் முதன்மைத் தெய்வங்களோடு சேர்க்க வேண்டும் என்றார். சூரியதேவி அமதெராசுவின் ஆலயமான இசேயின் தரப்பு மறுத்தது. நாடு முழுவதும் பூசகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். 1881-இல் பேரரசரின் முடிவு இசுமோவுக்குச் சாதகமாக வரவில்லை. அடுத்த ஆண்டு, அரசு ஆலயங்களின் பூசகர்கள் சவச்சடங்கு நடத்தக் கூடாது என்றே ஆணை வந்தது. ஷிந்தோ மத போதனை அல்ல, நாட்டுச் சடங்கு என்று காட்ட அரசு விரும்பியது. சாவுக்குப் பிறகு என்ன என்று பேசினால் அது மதமாகிவிடும். சாவு வீட்டில் ஷிந்தோ ஏன் காணாமல் போகிறது என்ற கேள்விக்குத் தீட்டு மட்டும் பதில் அல்ல, இந்த அரசியலும் பதில்தான்.

கிராமத்து மக்கள் இதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. நாட்டார் வழக்காற்றியல் அறிஞர் யானாகிதா குனியோ, 1945-இல் டோக்கியோ மீது குண்டு விழுந்துகொண்டிருந்த மாதங்களில் முன்னோர்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். போரில் பிள்ளையில்லாமல் செத்த இளைஞர்களை யார் நினைப்பார்கள் என்ற கவலை அதற்குள் இருந்தது. அவர் காட்டிய சித்திரம் இது: இறந்தவர் தூரத்துச் சொர்க்கத்துக்குப் போவதில்லை, ஊரைப் பார்த்தபடி பக்கத்து மலையில் இருக்கிறார். புத்தாண்டிலும், கோடையில் வரும் 'போன்' என்ற முன்னோர் விழா நாட்களிலும் வீட்டுக்கு வருகிறார். 33 அல்லது 50 ஆண்டு நினைவுச் சடங்குகள் முடிந்ததும் தன் பெயரையும் தனி முகத்தையும் இழந்து, குலத்தின் காவல் தெய்வத்தோடு ஒன்றாகிறார். மிக அழகான சித்திரம். ஆனால் 33 ஆண்டு என்ற கணக்கே பௌத்தச் சடங்கில் உள்ளது. எல்லா வட்டாரத்துக்கும் இது பொருந்துமா என்று பின்வந்த ஆய்வாளர்கள் கேட்டதும் நியாயம். நான் இதைப் பாதி கள ஆய்வு, பாதி விருப்பம் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

அப்படி அமைதியாகக் கரைய முடியாதவர்களும் உண்டு. சுகவாரா நோ மிச்சிசானே என்ற அறிஞர், அவதூறால் பதவி இழந்து தசாய்ஃபுவில் 903-இல் இறந்தார். பிறகு கியோத்தோவில் எதிரிகள் ஒவ்வொருவராக இறந்தார்கள். 930-இல் அரண்மனை மீதே இடி விழுந்தது. அவருடைய ஆவியின் கோபம் என்று அரசவை நடுங்கியது. 947-இல் கிதானோவில் அவருக்கு ஆலயம் எழுந்தது. இன்று தேர்வுக்குப் போகும் மாணவர்கள் கும்பிடும் கல்வித் தெய்வம் அவர்தான். நல்லவராக வாழ்ந்ததற்காகத் தெய்வமானவர் அல்ல, அநீதி பட்டுச் செத்ததால் தெய்வமாக்கப்பட்டவர். இறந்தவரின் நிலை, உயிரோடிருப்பவர்கள் அவரை எப்படி நடத்துகிறார்கள் என்பதைப் பொறுத்தது என்ற எண்ணம் இதில் பளிச்சென்று தெரிகிறது. ஜப்பானுக்காகப் போர்களில் இறந்த சுமார் 24.66 லட்சம் பேரைத் தெய்வமாக வரித்திருக்கும் யாசுகுனி ஆலயத்தைச் சுற்றி இன்றுவரை நடக்கும் சண்டையும் இதே எண்ணத்திலிருந்துதான் வருகிறது. 1978-இல் 14 முதல்நிலைப் போர்க் குற்றவாளிகளின் பெயர்கள் அங்கே சேர்க்கப்பட்டன. எங்கள் அப்பாவின் பெயரை எடுத்துவிடுங்கள் என்று கேட்ட கொரிய, தைவான் குடும்பங்களுக்கு, ஒருமுறை சேர்ந்த ஆவியைப் பிரிக்க முடியாது என்பதே ஆலயத்தின் பதில். குடும்பத்தின் துக்கத்தைவிட அந்த விதியைப் பெரிதாக வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

மனிதனுக்கு நான்கு ஆன்மாக்கள் உண்டு என்று ஷிந்தோ சொல்கிறதாமே என்றும் கேட்டிருந்தீர்கள். தெய்வத்துக்கு முரட்டு முகம் ஒன்று, சாந்த முகம் ஒன்று உண்டு என்பது பழைய நூல்களிலேயே இருக்கிறது. ஆனால் ஓர் உயிருக்குள் நான்கு ஆன்மாக்கள் என்று மனிதனுக்குப் பொருத்தி முறையான கோட்பாடாக்கியது 19-ஆம் நூற்றாண்டு. பழமையானது என்று நினைத்து அதை மேற்கோள் காட்டாதீர்கள். மறுபிறவி பற்றிக் கேட்டால், கொஜிகியில் அப்படி ஒரு கொள்கை இல்லை. தாத்தா பேரனாக வந்து பிறந்தார் என்ற மாதிரி வீட்டுப் பேச்சு ஜப்பானிலும் உண்டு. அது குடும்பத்துக்குள் திரும்பி வருவதைப் பற்றியது, வினைக்கேற்ற பிறவியைப் பற்றியது அல்ல.

கடைசியாக, உங்களுக்குப் பயன்படக்கூடிய ஒன்று. ஷிந்தோ முறைச் சவச்சடங்கு இன்றும் உண்டு, சிறுபான்மையாகத்தான். அப்படி ஒன்றுக்கு நீங்கள் அழைக்கப்பட்டால், அது வீட்டிலோ சடங்குக் கூடத்திலோ நடக்கும், ஆலயத்தில் நடக்காது. முந்தைய நாள் இரவு விளக்குகளை அணைத்துவிட்டு, இறந்தவரின் ஆவியை ஒரு வெண்மரப் பலகைக்கு மாற்றுவார்கள். அன்றிலிருந்து அவர் அந்த வீட்டைக் காப்பவர். அதன் பிறகு 10, 20, 30, 40, 50-ஆம் நாட்களில் வழிபாடு நடக்கும். உங்கள் முறை வரும்போது தமகுஷி என்ற சககி மரக் கிளை ஒன்றைக் கையில் தருவார்கள். அதன் அடிப்பக்கம் பீடத்தை நோக்கும்படி திருப்பி வைத்து, இரண்டு முறை வணங்கி, இரண்டு முறை சத்தம் வராமல் கைதட்டி, மறுபடி ஒருமுறை வணங்குங்கள். ஊதுபத்தி கிடையாது. பண உறையில் பௌத்தச் சடங்குக்கு எழுதும் வாசகம் பொருந்தாது, கடையில் தமகுஷி உறை என்று கேட்டு வாங்குங்கள். அப்புறம், துக்கத்தில் இருப்பதால் உங்கள் நண்பர் இந்த ஆண்டு புத்தாண்டு வாழ்த்து அட்டை அனுப்ப மாட்டார். நவம்பர், டிசம்பரில் அதைத் தெரிவிக்கும் ஓர் அட்டை வரக்கூடும். நீங்களும் வாழ்த்து அட்டை அனுப்ப வேண்டாம். ஜனவரி முதல் வாரம் கழிந்த பிறகு, குளிர் எப்படி இருக்கிறது, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று நாலு வரி எழுதினால் போதும்.